பறை, ஒயில், கரகம்: சம்மர் கேம்ப்பில் பிள்ளைகள் உண்மையில் என்ன கற்கிறார்கள்?

ஏப்ரல் பாதியைத் தாண்டினால் போதும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் போஸ்டர்கள் வரிசைகட்டும். நீச்சல், செஸ், ரோபோட்டிக்ஸ், கோடிங், அபாகஸ். அவற்றுக்கு நடுவே சில ஆண்டுகளாக இன்னொரு வகை போஸ்டரும் கண்ணில் படுகிறது. 'நாட்டுப்புறக் கலைப் பயிற்சி முகாம். பறை, ஒயிலாட்டம், சிலம்பம், கும்மி, கூத்து. காலையில் விட்டால் மதியம் கூட்டிக்கொண்டு போகலாம்' என்கிற மாதிரி.

பெற்றோர் இரண்டு பேருக்கும் ஆபீஸ். பிள்ளைக்கு லீவு. வீட்டில் இருந்தால் நாள் முழுக்க மொபைல். அதனால் பலரும் இந்த போஸ்டரை முதலில் பார்ப்பது நேரத்தையும் தூரத்தையும் கணக்குப் போடத்தான். அதில் தப்பில்லை. ஆனால் பேர் கொடுத்த அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரு பேச்சு வரும். "பறையா? அது சாவுக்கு அடிக்கிறது இல்லையாப்பா? புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று பாட்டியோ தாத்தாவோ கேட்பார். பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அந்தக் கேள்விக்கு அம்மா அப்பா என்ன சொல்லப் போகிறார்கள் என்பதில்தான் இந்த முகாம்களின் மொத்த விஷயமும் இருக்கிறது.

அதற்கு வருவோம். முதலில் அடிப்படை விவரங்கள்.

யார் நடத்துகிறார்கள்?

தமிழ்நாட்டில் மூன்று வகையாக நடக்கிறது. முதலாவது அரசு வழி. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வார இறுதியில் குரலிசை, நடனம், ஓவியம், சிலம்பம் போன்றவற்றைக் கற்றுக்கொடுக்கின்றன. கோடை விடுமுறையில் முகாமும் நடத்துகின்றன. கட்டணம் தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சிக்கல் என்னவென்றால் அறிவிப்பு உள்ளூர் செய்தித்தாளில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக வந்துவிட்டுப் போய்விடும். இன்ஸ்டாகிராமில் தேடினால் கிடைக்காது. மாவட்ட மன்றத்துக்கு நேரில் போய்க் கேட்பதுதான் வழி.

இரண்டாவது, அமைப்புகள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா போன்ற இடங்கள் கைவினை, நாட்டார் கலை என்று கலந்து பிள்ளைகளுக்கான கோடைக்கால நிகழ்ச்சிகளை நடத்தி வருகின்றன. மூன்றாவது, கலைக்குழுக்களே தாங்களாக நடத்துபவை. ஒரு பறைக்குழு, ஒரு ஸ்கூல் மைதானம், நாலைந்து நாள். எண்ணிக்கையில் அதிகமாகத் தெரிவது இந்த மூன்றாவது வகைதான். தரத்தில் ஏற்ற இறக்கம் அதிகம் இருப்பதும் இதில்தான்.

திடீரென்று எங்கிருந்து இவ்வளவு ஆர்வம்?

திடீரென்று இல்லை. 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியபோது கிராமத்துக் கலைஞர்கள் நகரத்துப் பூங்காக்களில் ஆடினார்கள். இடையில் நின்றுபோன அந்த விழா 2023 பொங்கலில் 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா' என்று மீண்டும் வந்தது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா.ரஞ்சித்தின் முயற்சியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் இருந்து கலைத் திருவிழா நடக்கிறது. கல்லூரி கல்ச்சுரல்ஸில் பறை இல்லாத மேடையே இப்போது அபூர்வம்.

அரசு விருதுப் பட்டியலும் மாறியிருக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ. கல்லூரியில் ரீல்ஸுக்கு ஆடியவர்கள் இப்போது பெற்றோராகிக்கொண்டிருக்கிறார்கள். போஸ்டர் அவர்களைத் தேடித்தான் வருகிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நல்ல முகாம் என்றால் வெயில் ஏறுவதற்குள் உடம்பு வேலையை முடித்துவிடுவார்கள். மே மாதம், அக்னி நட்சத்திரம் என்பதை மறந்து 11 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஆட விடுகிற இடமாக இருந்தால் யோசிக்கவும்.

பெரும்பாலும் கும்மியில் ஆரம்பிப்பார்கள். காரணம் எளிது. கருவி வேண்டாம், உடை வேண்டாம், வட்டமாக நின்று கை தட்டினால் போதும். பேர் தெரியாத 30 பிள்ளைகள் 20 நிமிடத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவார்கள். 'தன்னானே' மெட்டை ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளைகூட கூட்டத்தோடு சேர்ந்து வாயைத் திறந்துவிடும்.

அடுத்து ஒயிலாட்டம். கையில் கலர் கைக்குட்டை, காலில் சலங்கை, வரிசையாக நின்று ஒரே மாதிரி அடி வைத்து ஆடுவது. ஒயில் என்றால் அழகு. முன்பு ஆண்கள் மட்டும் ஆடியது, இப்போது எல்லோரும் ஆடுகிறார்கள். ஒருவர் கால் தப்பினால் வரிசையே கலையும் என்பதால் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்காமல் ஆட முடியாது. தனியாக ஜெயிக்கிற போட்டிகளிலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு இது புதுசு.

சிலம்பத்துக்குத் தனி மாஸ்டர் வருவார். பிள்ளையின் நெற்றி உயரத்துக்குக் கம்பு வேண்டும். முதல் நாளே கம்பு கையில் வராது, கால் வரிசைதான். பையன்கள் இதில் கொஞ்சம் ஏமாந்து போவார்கள்.

கரகத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் நாலு நாளில் கரகாட்டம் வராது. குடத்துக்குள் அரிசியோ மணலோ போட்டு எடை ஏற்றி, கை விட்டு, கழுத்தால் மட்டும் நிறுத்துகிற வித்தை அது. சின்னச் சொம்பைத் தலையில் வைத்து பத்து அடி நடக்கப் பழக்குவார்கள். அதுவே பெரிய விஷயம். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படம் வழியாக மட்டுமே இந்தக் கலையைத் தெரிந்து வைத்திருக்கிற பெற்றோருக்கு, கழுத்து எலும்பையும் தோளையும் பற்றி ஆசிரியர் பேசுவது ஆச்சரியமாக இருக்கும்.

கூத்து என்றால் முதலில் அடவு, பிறகு வேஷம். வட தமிழ்நாட்டில் ராத்திரி பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும் கலை அது. எடை குறைந்த மரத்தில் செதுக்கிய கிரீடம், புஜகட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டி ஆடுவதால்தான் கட்டைக்கூத்து என்றும் பெயர். முகாமில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கட்டியங்காரன் பாத்திரம். ராஜாவையே கிண்டல் செய்யலாம், பார்வையாளரிடம் நேரே பேசலாம், நேற்று வீட்டில் நடந்த சண்டையைக்கூட வசனமாகச் சொல்லலாம். மேடைப் பயம் இருக்கும் பிள்ளைக்கு கட்டியங்காரனைக் கொடுத்துப் பார்க்கிற ஆசிரியர்கள் உண்டு. கைதட்டல் அதிகம் வாங்குவதும் அந்த வேஷம்தான்.

சரி, பறைக்கு வருவோம்

பறை என்பது ஒரு வட்டச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், இரண்டு குச்சி. மரத்துண்டுகளை வளைவாக இணைத்துச் சட்டம் செய்வார்கள். மாட்டுத் தோலை இழுத்துக் கட்டுவார்கள். இடது தோளில் மாட்டி, இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் குட்டையான தடித்த அடிகுச்சி. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். அதனால் வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுவார்கள். முகாமில் பிள்ளைகள் கண் அகலப் பார்க்கிற நேரம் இதுதான். வைக்கோலையோ பழைய பேப்பரையோ கொளுத்தி, தோலைத் தூரத்தில் காட்டி, விரலால் தட்டித் தட்டி ஓசை ஏறுவதைக் கேட்பார் ஆசான். 'மந்தமாக இருந்தது இப்போ கணீர்னு ஆயிடுச்சு' என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இது ஒரு இயற்பியல் வகுப்பும்கூட.

இப்போது இரும்பு வளையத்தில் ஃபைபர் முகம் பொருத்திய பறைகள் நிறைய வந்துவிட்டன. தீ வேண்டாம், மழையில் நனைந்தாலும் கவலை இல்லை, திருகாணியை முடுக்கினால் போதும். முகாம்களில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். ஓசை ஒன்றல்ல என்று மூத்த கலைஞர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். மாட்டுத் தோலைத் தொடத் தயங்குகிற வீடுகளுக்கு வசதியாகவும் ஃபைபர் அமைந்துவிட்டது என்பது இன்னொரு பக்கம். முகாம் நடத்துபவர்கள் இதை வெளிப்படையாகப் பேசுவதில்லை.

பாட்டியின் கேள்விக்கு இங்கேதான் பதில் தேட வேண்டும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. அதாவது எல்லா நிலத்துக்கும் ஒரு பறை இருந்தது. 'பறை' என்றால் சொல் என்றும் பொருள். மலையாளத்தில் இன்றைக்கும் 'பறயுக' என்றால் சொல்லுதல். செய்தி சொல்ல, அறுவடைக்கு, திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு என்று அடித்த கருவி அது.

இதுவரை எல்லா முகாமிலும் சொல்வார்கள். 'ஆதித் தமிழனின் இசை' என்று பேனரே கட்டுவார்கள். இதற்கு அடுத்த பகுதியைத்தான் பல இடங்களில் சொல்வதில்லை. அந்தக் கருவியின் பெயரோடு ஒரு சாதியின் பெயர் ஒட்டியிருக்கிறது. அந்தச் சாதியில் பிறந்தவர்கள் சாவு வீட்டில் பறை அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள், மறுத்தால் தண்டிக்கப்பட்டார்கள். ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் 'பரையா' என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் பல ஊர்களில் போராடினார்கள். அதே கருவியை இழிவு இல்லை, உரிமைக்கான குரல் என்று கையில் எடுத்தவர்களும் அவர்களிலேயே உண்டு. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடித்து ஆடத் தொடங்கியது அந்த வரிசையில்தான் வருகிறது. பெண்கள் பறையைத் தொடுவதே கேள்வியாக இருந்த காலம் அது.

ஆக, பாட்டி சொல்வது பொய் இல்லை. சாவுக்கு அடித்தார்கள். ஏன் அவர்கள் மட்டும் அடித்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. 8 வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லலாமா? பாடமாக நடத்த வேண்டியதில்லை. ஆனால் கருவியைக் கொடுத்துவிட்டு அதை வைத்திருந்தவர்களை மறைத்துவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது பாதி விஷயம். 'இதை வாசித்தவர்களை ஊரில் தள்ளி வைத்தார்கள், அது தப்பு' என்று ஒரு ஆசான் இரண்டே வரியில் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடலாம். பிள்ளைகளுக்குப் புரியும். வீட்டுக்கு வந்து அவர்கள் கேட்கிற கேள்விக்குத் தயாராக வேண்டியது பெற்றோர்தான்.

இன்னொன்று. முகாமில் பறை கற்கும் நகரத்துப் பிள்ளைக்கு அது சான்றிதழ், ஃபோட்டோ, கைதட்டல். ஊரில் அதே பறையை அப்பாவிடம் கற்கும் பிள்ளை ஸ்கூலில் கிண்டலுக்குப் பயந்து அதை வெளியே சொல்லாமல் இருக்கலாம். ஒரே கருவி, ஒரே வயது. இந்த இடைவெளியை முகாம்கள் உருவாக்கவில்லை. ஆனால் கட்டணம் நிர்ணயிக்கும்போது சுற்றுவட்டாரக் கலைஞர்களின் பிள்ளைகளுக்கும் நாலு இடம் ஒதுக்குகிற முகாமுக்கும், ஒதுக்காத முகாமுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கற்றுக்கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

பங்குனி, சித்திரை, வைகாசி. கோயில் திருவிழா சீசன். கரகம், கூத்து, நையாண்டி மேளம், பறை என எல்லாக் குழுவும் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதியை இந்த மாதங்களில்தான் பார்க்க வேண்டும். ஸ்கூல் லீவும் இதே மாதங்களில்தான். அதனால் காலை 9 மணிக்கு உங்கள் பிள்ளைக்கு அடவு சொல்லிக்கொடுப்பவர், முந்தைய ராத்திரி எங்கோ ஒரு ஊரில் விடிய விடிய ஆடிவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கியவராக இருக்கலாம். 2020, 2021 இரண்டு ஆண்டும் ஊரடங்கு சரியாக இந்த சீசனில்தான் வந்து விழுந்தது. முன்பணம் வாங்கிய நிகழ்ச்சிகள் ரத்தாகின. வகுப்பு எடுப்பதும் ஒரு வருமானம்தான் என்று பல கலைஞர்கள் யோசிக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படி வருபவருக்கு ஏற்பாட்டாளர் என்ன தருகிறார்? மூத்த கலைஞரை முதல் நாள் பொன்னாடை போர்த்தி, ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, மற்ற நாட்களில் அவரிடம் ஒரு வருஷம் கற்ற கல்லூரி மாணவரை வைத்து வகுப்பு நடத்துகிற முகாம்கள் இருக்கின்றன. மாணவர் கற்றுக்கொடுப்பதில் தவறில்லை, பிள்ளைகளோடு 'அண்ணா', 'அக்கா' என்று சீக்கிரம் ஒட்டிக்கொள்வதும் அவர்களிடம்தான். போஸ்டரில் ஆசான் முகத்தைப் போட்டுப் பணம் வாங்கினால் ஆசானுக்கு அதில் பங்கு போக வேண்டும் என்பதுதான் விஷயம். 'கலைஞருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தருகிறீர்கள்?' என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். கீபோர்டு வகுப்பில் அந்தக் கூச்சம் தேவைப்படாது, ஏனென்றால் அங்கே ஃபீஸ் நேராக மாஸ்டர் கைக்குத்தான் போகிறது.

நாலு நாளில் என்ன வந்துவிடும்?

உண்மையைச் சொன்னால், கலை வராது. ஒன்றிரண்டு அடிகள் கைக்கு வரும். கடைசி நாள் நிகழ்ச்சிக்கு என்று சினிமாப் பாட்டுக்குப் பறை அடிக்க வைத்து ஒப்பேற்றுவதும் நடக்கும். பெற்றோரின் மொபைல் கேமராவுக்கு அது போதும். சப்பரத்துக்கு ஒரு அடி, சாமி வரவழைக்க மருள் அடி என்று ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் தனித்தனி அடிகள் இருக்கும் கருவியில் நாலு நாளில் ஒன்றை ஒழுங்காகக் கற்பது, பத்தை அரைகுறையாகக் காட்டுவதைவிட நல்லது.

முழுதாகக் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டைக்கூத்துச் சங்கம் 2002-ல் ஒரு குருகுலத்தைத் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கி ஸ்கூல் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த பயிற்சி அது. 2020-ல் குருகுலம் மூடப்பட்டது.

மற்றபடி தொடர்ந்து கற்க வழி குறைவு. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் மூன்று ஆண்டுப் படிப்பில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் இருக்கின்றன. அந்த ஏழில் பறை இல்லை. சில மாவட்டங்களில் அரசின் பகுதி நேர நாட்டுப்புறக் கலை வகுப்புகள் இப்போது நடக்கின்றன. அவை வளர்ந்தவர்களுக்கானவை என்பதால், பிள்ளையைவிட உங்களுக்குத்தான் பொருந்தும். சேர ஆசை இருந்தால் மாவட்ட இசைப் பள்ளியில் விசாரிக்கலாம்.

பணம் கட்டும் முன்

மைதானமா, ஏசி ஹாலா என்று பாருங்கள். மூடிய அறைக்குள் 20 பறை ஒன்றாக ஒலித்தால் காது தாங்காது. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், கருவி ஆளுக்கு ஒன்றா அல்லது மூன்று பேருக்கு ஒன்றா, தீ காய்ச்சும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, கழிவறை எப்படி என்பதெல்லாம் ஒரு ஃபோன் காலில் கேட்டுவிடக் கூடியவை. 6 வயதுக்குக் கும்மியும் பாட்டும் போதும். தோளில் பறையைத் தாங்க இன்னும் கொஞ்சம் வளர வேண்டும். எல்லா வயதையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற முகாமில் சின்னது அழும், பெரியது சலித்துக்கொள்ளும்.

முகாம் முடிந்த பிறகு ஒரு பிரச்சனை வரும். பிள்ளை பறை வேண்டும் என்று அடம் பிடிக்கும். ஃபிளாட்டில் எங்கே வைத்து அடிப்பது? பழைய காலண்டர் அட்டையை நாற்காலியில் கட்டி, இரண்டு குச்சியால் பழகச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள். சத்தம் வராது, கை பழகும். ஞாயிற்றுக்கிழமை பூங்காவிலோ கடற்கரையிலோ கூடிப் பயிற்சி செய்யும் குழுக்களும் சில ஊர்களில் உண்டு. முகாம் நடத்தியவரிடமே கேட்டால் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய குழு அந்த வாரம் எந்த ஊர்த் திருவிழாவில் ஆடுகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், முகாமில் ரெண்டு அடி சொல்லிக்கொடுத்த அதே அண்ணன் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்கிறார் என்று அது பார்க்கும். பாட்டியும் வர வாய்ப்பிருக்கிறது. அது அவருடைய ஊர்த் திருவிழாவாகவே இருந்தால் கேட்கவே வேண்டாம்.